அமெரிக்க மரப்பண்ணை அமைப்பு

அமெரிக்காவில் சொந்தக் காடு வைத்திருக்கும் குடும்பங்கள் அதை முறையாகப் பேணத் துணைநிற்கும் திட்டம். 1941 ஜூனில், வாஷிங்டன் மாநிலத்தின் மான்டசானோ அருகே வேயர்ஹவுசர் மர நிறுவனத்துக்குச் சொந்தமான கிளமன்ஸ் காடு முதல் மரப்பண்ணையாக அறிவிக்கப்பட்டது. மரம் வெட்டிய நிலத்தைத் தீயிலிருந்து காத்து மறுபடி காடாக்குவது அப்போதைய நோக்கம். பெருநிறுவனம் தொடங்கிய முயற்சி பின்னாளில் குடும்பக் காடுகளின் இயக்கமாக வளர்ந்ததே இதன் பெரிய சிறப்பு. அந்நாட்டில் கூட்டரசைவிடக் குடும்பங்களிடமே அதிகக் காடு இருக்கிறது.

சேர விரும்புவோருக்குக் குறைந்தது 10 ஏக்கர் காடும் எழுத்தில் அமைந்த மேலாண்மைத் திட்டமும் வேண்டும். மாநிலக் குழுக்கள் பெரிதும் தன்னார்வலர்களால் இயங்குகின்றன. பயிற்சி பெற்ற வனவியலாளர் உரிமையாளரோடு காட்டுக்குள் நடந்து பார்க்கிறார். தேவைப்பட்டால் துளைக்கருவியால் மரத்திலிருந்து பென்சிலைவிட மெல்லிய குச்சி ஒன்றை உருவி வளையங்களை எண்ணலாம். அண்மைக்கால வளையங்கள் நெருக்கமாக இருந்தால், மரங்கள் ஒளிக்கும் நீருக்கும் முட்டிமோதுகின்றன, சிலவற்றைக் கழித்துவிட வேண்டும் என்று பொருள் கொள்ளலாம். ஓடைக்கரை மரங்கள் விடப்பட்டுள்ளனவா, வண்டித்தடத்தில் மண் அரிக்கிறதா என்பதும் முக்கியம். தேறிய காட்டுக்குப் பச்சை வெள்ளைச் சாய்சதுரப் பலகை கிடைக்கும். அதில் மரம், நீர், வனவிலங்கு, பொழுதுபோக்கு ஆகிய நான்கு சொற்கள் உண்டு.

சான்றிதழைவிட, அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர் ஒருவர் தன் காட்டைக் காட்டிச் சொல்லும் சொல்லே பலரை மாற்றுகிறது. அத்தகைய முன்னோடிகளுக்குப் பயிற்சியும் வனவியலாளரின் துணையும் தொடர்ந்து கிடைக்க வேண்டும். உரிமையாளர்களில் பலர் முதியவர்கள் என்பதால், வாரிசுகளிடையே காடு துண்டாகாமல் கைமாறுவதும் இன்று அவர்கள் பேசும் பொருளாகியுள்ளது.