கிணத்து நீச்சல் எங்க போச்சு? டிரையத்லானும் ஒரு பவானிக் கோடையும்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

நான் டிரையத்லானுக்குப் பயிற்சி எடுக்கறேன்னு சொன்னதுல இருந்து ரெண்டு கேள்விதான் வந்துட்டே இருக்கு. ஒண்ணு, "அது என்னங்க டிரையத்லான்?" இன்னொண்ணு, "சைக்கிள் என்ன விலைங்க?" முதல் கேள்விக்கு ஒரு வரியில பதில் சொல்லிடலாம். நீச்சல், சைக்கிள், ஓட்டம் இந்த மூணையும் நடுவுல நிறுத்தாம, ஒண்ணு முடிஞ்சதும் அடுத்ததுன்னு செய்யற பந்தயம். என்னை மாதிரி புதுசா வர்றவங்களுக்கு 'ஸ்பிரிண்ட்'னு ஒரு அளவு இருக்கு: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். ஒலிம்பிக் அளவு இதுக்கு அப்படியே ரெண்டு மடங்கு.

ஆனா இதோட வரலாறைத் தோண்டப் போனா, கதை அமெரிக்காவுல ஆரம்பிச்சு நம்ம அப்புச்சி காலத்துக் கிணத்துல வந்து நிக்குது. இன்னைக்கு அதைத்தான் பேசப்போறோம்.

ஒரு புதன்கிழமை சாயங்காலம்

1974 செப்டம்பர் 25, கலிபோர்னியாவுல சான் டியேகோ நகரம். ஜேக் ஜான்ஸ்டன், டான் ஷனஹன்னு ரெண்டு பேர் அங்கிருந்த ஓட்டக்காரர்கள் சங்கத்துல உறுப்பினர்கள். ஓட்டத்தோட சைக்கிளையும் நீச்சலையும் சேர்த்து 'மிஷன் பே' கடற்கழியில ஒரு பந்தயம் வெச்சாங்க. வேலை நாள், சாயங்கால நேரம். 46 பேர் கலந்துக்கிட்டாங்க. மொத்தமா ஏறக்குறைய 10 கிலோமீட்டர் ஓட்டம், 8 கிலோமீட்டர் சைக்கிள், 450 மீட்டர் நீச்சல். இன்னைக்கு மாதிரி நீச்சல் முதல்ல வரலை. கடைசியா தண்ணியில இருந்தவங்க கரை ஏர்றதுக்குள்ள இருட்டிடுச்சு. கார்களைக் கொண்டுவந்து நிறுத்தி, ஹெட்லைட் அடிச்சு வழி காட்டினாங்க.

அன்னைக்கு ஜான் காலின்ஸ்னு ஒரு கடற்படை அதிகாரியும், அவர் மனைவி ஜூடியும், பிள்ளைகளும் வந்திருந்தாங்க. குடும்பமா வந்து விளையாடிட்டுப் போன சாயங்காலம் அது. அப்புறம் இந்தத் தம்பதி ஹவாய்க்குக் குடிபோனாங்க. அங்க ஏற்கெனவே தனித்தனியா நடந்துட்டிருந்த நீச்சல், சைக்கிள், மாரத்தான் மூணையும் ஒண்ணாக் கோர்த்தாங்க. 1978 பிப்ரவரி 18 அன்னைக்கு முதல் 'அயர்ன்மேன்' நடந்துச்சு. 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம். கிளம்பினது 15 பேர், முடிச்சது 12 பேர். 2000 சிட்னி ஒலிம்பிக்ல டிரையத்லான் பதக்க விளையாட்டாவே ஆயிடுச்சு.

இதுல ஒரு விஷயம் கவனிங்க. இன்னைக்கு நீச்சலைத்தான் முதல்ல வைக்கறாங்க. காரணம் சாதாரணமானது. கால் சோர்ந்துபோனா சைக்கிளை ஓரங்கட்டலாம், ஓட்டத்தை நடையாக்கலாம். தண்ணிக்குள்ள ஓரமா நிக்க இடமில்லை. அதனால உடம்புல தெம்பு இருக்கும்போதே அதை முடிச்சுடணும். இந்த ஒரு வரியை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

நம்ம ஊர்ல இந்த மூணும்

சைக்கிள் நமக்குப் புதுசு இல்லை. தறிக்குப் போறதும், பாவு நூலைக் கேரியர்ல கட்டிட்டு வர்றதும், பால் ஊத்தப் போறதும் சைக்கிள்லதான். 1991, 92ல புதுக்கோட்டையில அறிவொளி இயக்கம் நடந்தப்போ, பெண்கள் ஆயிரக்கணக்குல சைக்கிள் கத்துக்கிட்டாங்க. அப்புறம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அரசே இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பிச்சுது. ஓட்டத்துக்குச் செருப்புகூட வேண்டாம்.

நீச்சல்? கொங்கு நாடு மழை மறைவுப் பிரதேசம். அதனால ஆத்துப் பாசனம் எட்டாத இடத்துல எல்லாம் கிணறு வெட்டி, மாடு கட்டி, கவலை இறைச்சு வெள்ளாமை பண்ணாங்க. அகலமான, படிக்கட்டு வெச்ச கிணறுகள். சித்திரை, வைகாசி லீவுக்கு அம்மிச்சி ஊருக்குப் போனா, மாமன் முதுகுல சுரைப்புருடையைக் கட்டி கிணத்துல தள்ளிவிடுவார். ஒரு வாரத்துல புருடை கழண்டுடும். ஃபீஸ் கிடையாது, சர்டிபிகேட் கிடையாது. மாமனுக்கு அவரோட மாமன் சொல்லிக்கொடுத்தது.

நான் சாஃப்ட்வேர் ஆளு, என் பாஷையிலயே சொல்றேனே. எங்கயும் எழுதி வைக்காத, சில பேர் தலைக்குள்ள மட்டுமே ஓடிட்டிருந்த சிஸ்டம் அது. அதுவும் பெரும்பாலும் பையன்களுக்குத்தான். எங்க வீட்டுல அம்மாவுக்கும் சித்திக்கும் சைக்கிள் நல்லாவே வரும், நீச்சல் வராது. கிணத்துமேட்டுல துணி துவைச்சவங்கதான் ரெண்டு பேரும்.

தண்ணி மாறின கதை

1932ல பைக்காரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பிச்சுது. கோவைப் பக்கம் மில்லுக்கும் கரன்ட் வந்துச்சு, கிணத்துக்கும் மோட்டார் வந்துச்சு. கவலையில நாள் பூரா இறைச்ச தண்ணியை மோட்டார் சீக்கிரமா இறைச்சுடும். கிணத்தை இன்னும் ஆழமா வெட்டினாங்க. அப்புறம் போர்வெல் வந்துச்சு. நிலத்தடி நீர் கீழ போகப் போக, திறந்த கிணறுகள் வறண்டு குப்பைக்குழி ஆச்சு. மாமன் இருந்தார், தள்ளிவிடக் கிணறு இல்லை.

வாய்க்காலுக்கு வாங்க. 1283ல முடிஞ்சதாச் சொல்ற காலிங்கராயன் வாய்க்கால், பவானிக்குப் பக்கத்துல அணைக்கட்டுல பிரிஞ்சு, வளைஞ்சு வளைஞ்சு போய் நொய்யல்கிட்ட முடியுது. எழுநூறு வருஷத்துக்கு மேல ஓடின தண்ணி. ஈரோடு பக்கம் சாய, தோல் ஆலைக் கழிவு கலந்து, கழிவைத் தனியாக் கொண்டுபோக 'பேபி வாய்க்கால்'னு பக்கத்துலயே ஒண்ணு கட்டவேண்டிய நிலைமை ஆயிடுச்சு. அதுல குழந்தையை இறக்க யாருக்கு மனசு வரும்?

காவேரியும் அப்புச்சி பார்த்த காவேரி இல்லை. 1934ல மேட்டூர் அணை வந்துச்சு. அதுக்குக் கீழ செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டைன்னு வரிசையா கதவணை கட்டி மின்சாரம் எடுக்கறாங்க. எங்க தண்ணி தேங்கி ஆழமா நிக்கும், எப்ப இழுப்பு கூடும்ங்கறது இப்போ மதகைப் பொறுத்தது. "இந்த இடத்துல முழங்கால் அளவுதான்டா"ன்னு தாத்தா சொன்ன கணக்கு இனி செல்லாது.

ஈரோட்டுல பிறந்த நீச்சல்காரர்

குற்றாலீஸ்வரனை ஞாபகம் இருக்குங்களா? 1981ல ஈரோட்டுல பிறந்தவர். 12, 13 வயசுல, 1994ங்கற ஒரே வருஷத்துல ஆறு ஜலசந்திகளை நீந்திக் கடந்து, 1966ல மிஹிர் சென் அஞ்சு ஜலசந்தி கடந்து வெச்ச சாதனையை முறியடிச்சார். பாக் ஜலசந்திக்கு அதுக்கு முன்னாடியே ஒரு தமிழ் வரலாறு இருக்கு. 1954ல யாழ்ப்பாணப் பக்கம் தொண்டைமானாறு நவரத்தினசாமி, 1971ல வல்வெட்டித்துறை ஆனந்தன்.

என்னை யோசிக்க வெச்சது வேற ஒரு தகவல். குற்றாலீஸ்வரனோட நீச்சல் தொடங்கினது காவேரியில இல்லை, சென்னையில ஒரு கோடைப் பயிற்சி முகாம்ல, ஏழு வயசுல. லீவுல ஒரு பெரியவர் கூட இருந்து சொல்லிக்கொடுக்கறதுங்கற அதே பழைய முறைதான். கிணத்துக்குப் பதிலா குளம், மாமனுக்குப் பதிலா கோச். சங்கிலி அறுந்தா வேற இடத்துல கோர்க்க முடியும்ங்கறதுக்கு இதுவே சாட்சி.

லீவும் பயிற்சியும்

இப்போ என் டைம்டேபிள். ஏப்ரல் வெயில்ல ஆறு மணிக்கு முன்னாடி ஓடி முடிச்சுடணும். சைக்கிளுக்கு அந்தியூர் ரோடு. இருபது கிலோமீட்டர் பக்கம் வரும், ஸ்பிரிண்ட் அளவுக்குச் சரியா இருக்கு. நீச்சலுக்கு வாரம் மூணு நாள், ஈரோட்டுல குளம்.

லீவுக்கு வீடு நிறைய சொந்தம் வந்தா பயிற்சி கெட்டுப்போகும்னு சொல்வாங்க. நான் ரெண்டையும் ஒட்டிட்டேன். கொடிவேரிக்கு எல்லாரும் வேன்ல வந்தாங்க, நான் விடியக்காலையில சைக்கிள்ல கிளம்பினேன். ஐம்பது கிலோமீட்டர் பக்கம். அங்க கட்டுச்சோறும் மீன் வறுவலும் சாப்பிட்டு, திரும்பும்போது சைக்கிளை வேன் மேல கட்டியாச்சு. குளத்துக்குப் போற நாள்ல சித்தி பொண்ணுங்க ரெண்டு பேரும் கூட வர்றாங்க. முதல் வாரம் முழுக்க மிதக்கறது மட்டும்தான். என் வேகம் குறைஞ்சுதான் போச்சு. பரவாயில்லைங்க, அந்த ஒரு மணி நேரம் எனக்கானது மட்டும் இல்லை.

கொட்டரை

இது ஏன் அவசரம்னு சொல்லிடறேன். 2020 ஆகஸ்ட்ல, பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்துல, கிரிக்கெட் விளையாடிட்டுக் குளிக்க வந்த இளைஞர்கள்ல நாலு பேர் ஆழத்துல சிக்கிட்டாங்க. அங்க துணி துவைச்சுட்டிருந்த செந்தமிழ்ச்செல்வி, சுந்தரபாள், முத்தம்மாள் மூணு பேரும் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து வீசினாங்க. ரெண்டு பேரை இழுத்துப் போட முடிஞ்சுது, ரெண்டு பேரைக் காப்பாத்த முடியலை. அந்த வருஷம் சுதந்திர தினத்துல மூணு பேருக்கும் கல்பனா சாவ்லா விருது கொடுத்தாங்க.

அந்தப் பசங்களும் நம்மளை மாதிரி நண்பர்களோட கிளம்பினவங்கதான். தண்ணியைத் தேடிப் போற பழக்கம் நம்மகிட்ட அப்படியே இருக்கு. வேன் இருக்கு, லீவு இருக்கு, இன்ஸ்டா பார்த்துப் புதுசு புதுசா இடம் கண்டுபிடிக்கறோம். கிணத்தோட சேர்ந்து நம்மளை விட்டுப் போனது நீச்சல் மட்டும்தான். தண்ணிக்குள்ள ஓரமா நிக்க இடமில்லைன்னு சொன்னேனே, அது பந்தயத்துக்கு மட்டும் பொருந்தற விஷயம் இல்லை.

அதனால இந்த வாரம் ஒரு சின்ன வேலை. அடுத்த டூருக்கு வண்டி பேசறதுக்கு முன்னாடி, வர்றவங்கள்ல யார் யாருக்கு நீச்சல் தெரியும்னு ஒரு பட்டியல் போடுங்க. தெரியாதவங்களை, முக்கியமா பெண்பிள்ளைகளை, இந்த லீவு முடியறதுக்குள்ள ஒரு குளத்துல சேர்த்துவிடுங்க. சாப்பாட்டுக் கூடையோட நீளமா ஒரு கயிறும் எடுத்துக்கோங்க. யாராவது தத்தளிச்சா குதிக்காதீங்க, கயிறை வீசுங்க. கயிறு இல்லைன்னா சேலை, வேட்டி எதுவா இருந்தாலும் சரி.

உங்க பட்டியல்ல எத்தனை பேர் தேறினாங்கன்னு எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல படிக்கறேன். வரட்டுங்களா?