கறுப்பினச் சமூகங்களில் ஆஸ்துமா: சுற்றுச்சூழலும் மன அழுத்தமும்

ஆஸ்துமா என்பது மூச்சுக்குழாய்களில் நீண்டகாலம் அழற்சி நிலைத்திருக்கும் நோயாகும். புகை, தூசி, குளிர்காற்று, சளிக்காய்ச்சல் போன்றவை தூண்டும்போது குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. உட்சுவர் வீங்கிச் சளி பெருகுகிறது. இந்நோய் எவருக்கும் வரலாம். எனினும், அமெரிக்காவில் கறுப்பினக் குழந்தைகளிடையே இது வெள்ளையினக் குழந்தைகளைவிட ஏறத்தாழ இரு மடங்கு காணப்படுகிறது. ஆஸ்துமாவால் நேரும் இறப்பும் கறுப்பின மக்களிடையே மிகுதி. பரம்பரை மட்டும் இதற்குக் காரணமன்று. வசிக்கும் இடமும் வாழ்க்கைச் சூழலும் பெரும்பங்கு வகிக்கின்றன.

வசிப்பிடமும் காற்றும்

1930களில் அமெரிக்காவில் அரசு சார்ந்த வீட்டுக் கடன் அமைப்பு ஒன்று நகர வரைபடங்களைத் தயாரித்தது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் 'அபாயகரமானவை' எனச் சிவப்பு நிறத்தில் குறிக்கப்பட்டன. அங்கு வீட்டுக் கடனும் முதலீடும் குறைந்தன. பின்னாளில் அத்தகைய பல பகுதிகளின் ஊடாக நெடுஞ்சாலைகள் அமைந்தன. கலிபோர்னியாவின் 8 நகரங்களை ஆராய்ந்து 2020-இல் வெளியான ஆய்வு, சிவப்புக் குறியிட்ட பகுதிகளில் ஆஸ்துமாவுக்காக அவசர சிகிச்சைப் பிரிவை நாடுவோர் விகிதம், மிகச் சிறந்தவை எனக் குறித்த பகுதிகளைவிட 2.4 மடங்கு என்று கண்டது.

லண்டனில் பரபரப்பான தெற்கு வட்டச் சாலைக்கு அருகே வசித்த எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற கறுப்பினச் சிறுமி, கடும் ஆஸ்துமாவால் பலமுறை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 2013 பிப்ரவரியில் தம் 9-ஆம் வயதில் உயிரிழந்தார். 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி, காற்று மாசும் அம்மரணத்துக்குக் காரணம் எனப் பதிவு செய்தார். பிரிட்டனில் இவ்வாறு பதிவான முதல் மரணம் இது. மாசுக்கும் ஆஸ்துமாவுக்கும் உள்ள தொடர்பு தாயாருக்குத் தெரிவிக்கப்படவில்லை என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். ஆகவே, உங்கள் வீடு பெருஞ்சாலைக்கோ தொழிற்சாலைக்கோ அருகில் இருந்தால், அதை மருத்துவரிடம் நீங்களே கூறுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

வீட்டினுள் ஈரச்சுவரில் படரும் பூஞ்சை, கரப்பான் பூச்சி, எலி, எரிவாயு அடுப்பின் புகை ஆகியவையும் நோயைத் தூண்டும். வாடகை வீட்டில் இவற்றைச் சரிசெய்யும் பொறுப்பு பெரும்பாலும் உரிமையாளருடையது. எழுத்து மூலம் முறையிடும்போது மருத்துவரின் கடிதத்தையும் இணைப்பது பயன் தரும்.

மன அழுத்தம் என்ன செய்கிறது?

வாடகைக் கவலை, வன்முறை அச்சம், அன்றாடம் சந்திக்கும் இனப் பாகுபாடு ஆகியவை உடலை நீண்டகாலம் விழிப்பு நிலையில் வைக்கின்றன. இயல்பாக அழற்சியைத் தணிக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனுக்கு உடல் செல்கள் மெல்ல மெல்ல மந்தமாகப் பதிலளிக்கத் தொடங்குகின்றன. ஸ்டீராய்டு இன்ஹேலரும் அதே வழியில்தான் செயல்படுகிறது; எனவே அதன் பலனும் குறையக்கூடும். மாசும் மன அழுத்தமும் சேரும்போது பாதிப்பு கூடுகிறது. இதனால் ஆஸ்துமாவை மனப்பிரமை என்று எவரும் ஒதுக்கலாகாது. குழாய் இறுகுவது உண்மை.

கவனிக்க வேண்டியவை

தடுப்பு இன்ஹேலரை நலமாக இருக்கும் நாளிலும் தவறாது பயன்படுத்துங்கள். எந்த அறிகுறிக்கு என்ன செய்வது என்ற செயல்திட்டத்தை மருத்துவரிடம் எழுத்தில் பெற்று, பள்ளிக்கும் ஒரு படி கொடுங்கள். காற்று மாசு மிகுந்த நாட்களில் பெருஞ்சாலையைத் தவிர்த்து உட்தெருக்களில் நடப்பது நன்று.

கருமையான தோலில், விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவி உண்மை அளவைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். எண் இயல்பாகத் தெரிந்தாலும் மூச்சுத்திணறலை அலட்சியம் செய்யாதீர்கள். நீலம் பாய்வதும் தோலில் எளிதில் புலப்படாது; உதடு, நாக்கு, ஈறு, நகக்கண் ஆகியவற்றைப் பாருங்கள்.

ஒரு வாக்கியத்தைப் பேசி முடிக்க இயலாமை, விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்ளிழுத்தல், குழந்தை சோர்ந்து துவளுதல், நிவாரண இன்ஹேலருக்குப் பின்னும் தணியாமை ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். அது வரும்வரை நோயாளியைப் படுக்க வைக்காமல் நிமிர்ந்து அமரச் செய்து, செயல்திட்டத்தில் உள்ளவாறு நிவாரண இன்ஹேலரைக் கொடுங்கள்.