ஏரி வாரியம் ஆண்ட ஊர்

2020 டிசம்பரில் டெல்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது, காஞ்சிபுரம் மாவட்டத்துப் பேரூராட்சி ஒன்றின் பெயர் பிரதமரின் உரையில் ஒலித்தது. அது உத்திரமேரூர். குடவோலை என்றாலே நினைவுக்கு வரும் ஊர். பானைக்குள் ஓலை போட்ட கதையைப் பள்ளிப் பாடத்திலேயே படித்துவிடுகிறோம். ஓலையில் பெயர் வந்தவர்கள் அடுத்த 360 நாளும் என்ன வேலை பார்த்தார்கள் என்ற கதைதான் அதிகம் சொல்லப்படுவதில்லை. ஏரி, தோட்டம், வயல், வரி, பொன் இவைதான் அவர்கள் கையில் இருந்தன.

தொண்டை நாட்டில் தண்ணீர் எப்போதும் கவலைக்குரிய விஷயம். பாலாறும் செய்யாறும் ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்க்கும் மழையைப் பிடித்து வைத்தால்தான் சம்பா கரையேறும்; நவரைக்கும் நீர் மிஞ்சும். 8ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் இரண்டாம் நந்திவர்மன் காலத்தில், உத்தரமேரு சதுர்வேதிமங்கலம் என்ற பெயரில், பிராமணர்களுக்கு அளித்த பிரம்மதேயமாக எழுந்த இந்த ஊருக்கும் ஏரிதான் உயிர்நாடி. கல்வெட்டுகள் அதை வயிரமேகத் தடாகம் என்கின்றன. வயிரமேகன் என்பது அடுத்து வந்த தந்திவர்மனின் பட்டப்பெயர் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

ஏரியை வெட்டிவிட்டால் வேலை முடிந்துவிடாது. ஒவ்வொரு மழையும் தண்ணீரோடு வண்டலையும் கொண்டுவந்து சேர்க்கும். வண்டல் ஏற ஏறக் கொள்ளளவு சுருங்கும். மண்கரையில் சிறு கசிவு கண்டாலும் அடைக்க வேண்டும். மடையும் தூம்பும் அடைபடாமல் பார்க்க வேண்டும். கலங்கல் உடைந்தால் தேக்கிய நீர் முழுவதும் போய்விடும். இதற்கெல்லாம் ஆண்டுதோறும் ஆளும் பணமும் தேவை. தொண்டை நாட்டுக் கல்வெட்டுகளில் ஏரியைத் தூர்வாரப் பொன் கொடுத்தவர்களும், நிலம் விட்டவர்களும் இடம்பெறுவது இதனால்தான். அந்தப் பொன்னை முதலாக வைத்து, வட்டியில் வண்டல் எடுக்கும் பொறுப்பை ஊர்ச் சபை ஏற்றது.

இந்தப் பின்னணியில் படித்தால், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள முதலாம் பராந்தகச் சோழனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் வேறொரு முகம் காட்டும். ஊர் குடும்புகள் எனப்படும் 30 பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்புக்கு ஒருவராக 30 பேர் தேர்வானார்கள். அவர்களில் 12 பேர் சம்வத்சர வாரியம் என்ற ஆண்டுக் குழுவுக்கு, 12 பேர் தோட்ட வாரியத்துக்கு, 6 பேர் ஏரி வாரியத்துக்கு. சம்வத்சர வாரியம்தான் மூன்றிலும் முதன்மையானது. தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் ஏற்கெனவே பணியாற்றியவர்கள், கல்வியிலும் வயதிலும் மூத்தவர்கள் ஆகியோரிலிருந்தே அதற்கு ஆள் எடுத்தார்கள். வரப்பையும் கரையையும் அறிந்த அனுபவம் அங்கே ஒரு தகுதியாகவே எண்ணப்பட்டது.

தேர்வு நடந்த விதத்தைக் கல்வெட்டு அருகிலிருந்து பார்த்ததுபோல விவரிக்கிறது. இளையோர் முதல் முதியோர் வரை சபை நிறைந்திருக்க, கோயில் அர்ச்சகர்களான நம்பிமாரில் மூத்தவர் ஒருவர் எல்லோரும் காணும்படி குடத்தை உயர்த்திப் பிடிப்பார். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத சிறுவன், குடும்பு வாரியாகப் பெயர் எழுதிக் கட்டிய ஓலைக்கட்டுகளில் ஒன்றை எடுப்பான். அதைப் பிரித்து வேறு குடத்திலிட்டுக் குலுக்கி, ஓர் ஓலையை எடுத்து நடுவரான மத்தியஸ்தரிடம் தருவான். அவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்கி வாசிப்பார். மற்ற நம்பிமாரும் ஒவ்வொருவராக வாசிப்பார்கள். வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் நிற்க முடியாது. அவருடைய மகன், தந்தை, மாமன், மருமகன், சிற்றன்னை பெரியன்னை மக்கள் வரை அத்தனை உறவுக்கும் அதே தடை.

இந்த நேர்த்தியைப் போற்றும்போது, அதற்கு வெளியே நின்றவர்களையும் சொல்லத்தான் வேண்டும். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும், 35 முதல் 70 வயதுக்குள் இருப்பதும் தகுதிகள். பெண்களுக்கு இடமில்லை. சேற்றில் இறங்கி நாற்று நட்டவர்களுக்கும், கூடையில் வண்டல் சுமந்தவர்களுக்கும் இடமில்லை. அவர்கள் உழைப்பில்தான் ஏரி நின்றது. ஓலையில் அவர்கள் பெயர் ஏறவில்லை.

சபைகள் மறைந்த பிறகும் ஊரே ஏரியைப் பேணும் வழக்கம் நீடித்தது. உத்திரமேரூர் அடங்கிய செங்கல்பட்டுச் சீமை 1763இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக, அதாவது வருவாய் மானியமாகப் போனது. 1767 முதல் 1774 வரை கம்பெனிக்காகத் தாமஸ் பர்னார்டு அங்கே ஊர் ஊராகக் கணக்கெடுத்தார். களத்தில் நெல்லை அளந்து சர்க்காரும் குடியானவரும் பங்கிடுவதற்கு முன்பே, கோயில், கொல்லர், தச்சர், வண்ணார் எனப் பலருக்கும் பங்கு ஒதுக்கப்பட்டதை அந்தக் கணக்குகள் காட்டுகின்றன. ஏரிப் பராமரிப்புக்கும் விளைச்சலில் ஒரு பங்கு இருந்தது.

கம்பெனியின் வரிமுறை அந்தப் பங்குகளைக் குலைத்தது. வருமானம் கருவூலத்துக்குப் போக, கரை காக்கும் கடமை மட்டும் குடிகள் தலையில் நின்றது. ஊரார் கூடிப் பராமரிக்கும் குடிமராமத்து தளர்ந்தபோது, 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்து ஆட்களைக் கரைக்கு வரவழைக்கப் பார்த்தார்கள். ஊரிடமிருந்து பணத்தையும் அதிகாரத்தையும் எடுத்துக்கொண்டு, பழைய ஒத்துழைப்பைச் சட்டத்தால் திரும்பப் பெற முடியவில்லை.

இன்று 2000ஆம் ஆண்டின் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டப்படி, ஆயக்கட்டு விவசாயிகள் வாக்களித்து நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களின் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். குடிமராமத்து என்ற பெயரிலேயே தமிழக அரசு 2017இல் ஏரிகளைச் சீரமைக்கும் திட்டத்தையும் தொடங்கியது. தூர்வாரும் நிதியின் பெரும்பகுதி அரசிடமிருந்து வருகிறது. எந்த ஏரிக்கு எவ்வளவு, எப்போது என்ற முடிவில் அந்தந்த ஊரின் ஆயக்கட்டுக்காரர்களுக்கு எவ்வளவு பங்கு என்பதையும், செலவுக் கணக்கு அவர்கள் முன் வாசிக்கப்படுகிறதா என்பதையும் வைத்தே இந்த முயற்சிகளை மதிப்பிட வேண்டியிருக்கிறது.