'வேணாம்'னு எழுத ஒரு கட்டம்

சிதம்பரத்து வீட்டைக் காலி செய்தபோது பரணில் ஒரு பழைய கோப்பு கிடைத்தது. உள்ளே 2005 கோடையில் கடலூர் தேவனாம்பட்டினத்தில் நான் நிரப்பிய கேள்வித்தாள்களின் நகல்கள். சுனாமிக்குப் பின் பிள்ளைகளின் மனநிலையைப் பற்றிய ஓர் ஆய்வுக்கு உதவியாளாகப் போயிருந்தேன். யாருடைய ஆய்வு என்பது இங்கே வேண்டாம். தப்பில் என் பங்கும் உண்டு.

2004 டிசம்பர் 26 அன்று கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். அடுத்த மாதங்களில் நிவாரணக்காரர்கள், மனநல ஆலோசகர்கள், ஆய்வுக் குழுக்கள் என்று ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். "நீங்க எத்தனாவது கும்பல் தம்பி?" என்று வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்.

ஒரு தாளில் 'வயது 5, பெண்' என்றிருக்கிறது. அம்மா கைநாட்டு வைத்துவிட்டார். கிரேயானைக் கொடுத்து, அலை வந்த அன்று பார்த்ததை வரையச் சொன்னேன். பிள்ளை "வேணாம்" என்றது. திரும்பவும் கேட்டேன். அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. "அண்ணன் கேக்குறாரு இல்ல, வரைஞ்சு குடு பாப்பா" என்று அம்மா அதட்டினார். தாள் முழுக்க நீலத்தைத் தேய்த்துவிட்டு ஓடிப்போனது. நான் 'ஒப்புதல்: ஆம்' என்ற கட்டத்தில் டிக் போட்டிருக்கிறேன்.

அப்போ விதி எதுவும் இல்லையே என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது. பெற்றோர் தருவது ஒப்புதல், பிள்ளை தருவது இசைவு. ஏழு வயதிலிருந்தே பிள்ளையிடமும் இசைவு கேட்க வேண்டும் என்று அமெரிக்க தேசிய ஆணையம் ஒன்று 1977லேயே பரிந்துரைத்தது. 1983ல் திருத்தப்பட்ட ஹெல்சிங்கி பிரகடனம், சம்மதம் சொல்லக்கூடிய சிறுவர்களிடமும் அதைப் பெறச் சொன்னது. தன்னைப் பற்றிய விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையைப் பிள்ளைக்குத் தரும் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1992ல் ஏற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2000ஆம் ஆண்டு நெறிமுறைகளோ, வேறு சிகிச்சையே இல்லாத நிலை தவிர, பிள்ளையின் மறுப்பை மதித்தே ஆகவேண்டும் என்றன. நாங்கள் செய்தது சிகிச்சையே இல்லை.

அதே கழகத்தின் 2017 நெறிமுறைகள் இன்னும் தெளிவானவை. 7 முதல் 12 வயது வரை வாய்மொழி இசைவு, அதற்கு மேல் 18 வரை எழுத்து இசைவு. ஏழுக்குக் கீழே பெற்றோரின் ஒப்புதல் போதும். அப்படிப் பார்த்தால் அந்த ஐந்து வயசுப் பிள்ளையிடம் இன்றைக்கும் யாரும் இசைவு கேட்க வேண்டியதில்லை.

எனக்கு இங்கேதான் இடிக்கிறது. ஓர் ஆய்வுக்குச் சம்மதிக்க அது என்னவென்று புரிய வேண்டும். மறுப்பதற்கு அந்தப் புரிதல் தேவையில்லை. அது பிடிக்கவில்லை என்பது ரெண்டு வயசுக் குழந்தைக்கும் தெரியும். இசைவுக்குப் போட்ட வயசுக் கோட்டை மறுப்புக்கும் போட்டுவிடக் கூடாது.

இப்போது சிதம்பரம் பக்கத்து அங்கன்வாடிகளுக்குப் போகும்போது என் தாளில் ஒரு கட்டம் கூடுதலாக இருக்கிறது: 'பிள்ளை எப்படி மறுத்தது?' முகம் திருப்பியது, கிரேயானைக் கீழே வைத்தது, விளையாடப் போனது. இதில் எது நடந்தாலும் நிறுத்திவிடுவேன், ரெண்டாம் தடவை கேட்பதில்லை. பிஸ்கட்டை முதலிலேயே கொடுத்துவிடுகிறேன், அது கூலியாகிவிடக் கூடாது என்பதற்காக. எண்ணிக்கை குறையத்தான் செய்கிறது. குறையட்டும்.

அந்த நீலத் தாள் அன்றைய கணக்கில் ஓர் எண்ணாகச் சேர்ந்துவிட்டது. அதை இனி நான் வெளியே எடுக்க முடியாது.