வலை எழுத்துரு (தமிழ்)

படிப்பவரின் கணினியில் இல்லாவிட்டாலும் இணையப் பக்கத்தோடு தானே இறங்கிவந்து எழுத்தைக் காட்டும் கோப்பு வலை எழுத்துரு. ஒரே பக்கம் உலாவிக்கு உலாவி வேறாகத் தெரிவது தமிழில் 1990களின் இறுதியிலேயே தலைவலியானது.

அன்று இதழுக்கு ஒரு குறியேற்றம். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டையொட்டி தாம், தாப் என்ற இரு குறியேற்றங்கள் தரமாயின. அயலகத் தமிழரிடையே திஸ்கி வழங்கியது. உரிய எழுத்துருவை நிறுவாதவருக்கு ஆங்கில எழுத்தும் குறிகளுமாகத்தான் தெரியும். இதற்கு மருந்தாக வந்தது இயங்கு எழுத்துரு. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4 கேட்டது மைக்ரோசாஃப்டின் இஓடி. நெட்ஸ்கேப் 4 கேட்டது பிட்ஸ்ட்ரீமின் பிஎஃப்ஆர். ஒரே எழுத்துருவை இரண்டு கோப்பாக்கி இரண்டையும் பக்கத்தில் செருகினார்கள். இஓடி கோப்பு தள முகவரியோடு பூட்டப்பட்டிருக்கும். பக்கத்தைச் சேமித்து வீட்டில் திறந்தால் தமிழ் காணாமல் போகும். 2000இல் நெட்ஸ்கேப் 6 பிஎஃப்ஆரைக் கைவிட்டதும் பாதி உழைப்பு வீணானது.

பின்னர் பரவிய ஒருங்குறியில் (யூனிகோடு) சிக்கல் இடம் மாறியது. 'செஞ்சி' என்ற ஊர்ப்பெயர் கண்ணுக்கு மூன்று எழுத்து. கோப்பில் ஆறு குறி: ச, ஒற்றைக்கொம்பு, ஞ, புள்ளி, ச, மேல்விலங்கு. திஸ்கியில் கொம்பு கண்ணில் படுவதுபோலவே முன்னால் நிற்கும். ஒருங்குறியில் அது சகரத்துக்குப் பின். முன்னுக்கு இழுத்து வைப்பது உலாவி நம்பியிருக்கும் எழுத்தமைப்பு நிரலின் வேலை. நிரல் தவறினால் கொம்பு சகரத்தின் முதுகில் தொங்கும். பயர்பாக்ஸ் 2இல் இருபுறமும் ஓரம் சீராக்கிய பத்தியில் இப்படித்தான் எழுத்து உடைந்தது. 2008இல் வந்த பயர்பாக்ஸ் 3 சரிசெய்தது. தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்த கைப்பேசிகளில் ஓபரா மினிதான் கைகொடுத்தது: முகவரிப் பட்டையில் 'ஓபரா:கான்ஃபிக்' என்று தட்டி, திறக்கும் அமைப்புப் பக்கத்தின் கடைசி வரியை 'யெஸ்' ஆக்கினால் எழுத்து படமாக வந்து சேர்ந்தது.

2010இல் தமிழக அரசு ஏற்ற டேஸ் 16 குறியேற்றத்தில் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி உண்டு. இந்த இழுபறியே இராது. ஆயினும் அது ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைந்ததால் இணையத்துக்குப் பொருந்தாது.

வலை எழுத்துருக் கோப்புக்கான வாஃப் வடிவம் 2012இலும் வாஃப் 2 2018இலும் தரமாயின. மீரா இனிமை, முக்தா மலர் முதலிய தமிழ் எழுத்துருக்கள் இன்று இலவசமாகக் கிடைக்கின்றன. கோப்பைச் சிறிதாக்க நறுக்குவோர் எழுத்திணைப்பு அட்டவணையையும் சேர்த்து வெட்டிவிடுவதுண்டு. அப்போது 'குன்று' என்பதில் கு, று இரண்டிலும் உகரம் கழன்று தனியே நிற்கும்.