ஒரு மாடு, ஏழு உயிர்கள்

கனடா என்றதும் எம்மவர் மனக்கண்ணில் ரொறன்ரோவும் மொன்றியலும் பனி மூடிய நெடுஞ்சாலைகளும் தோன்றும். மேற்கே, சஸ்கச்சுவான் மாகாணத்தின் புல்வெளிகளில் 1897ஆம் ஆண்டு மே மாத இறுதியில் மூன்று இளைஞர்களைக் கொல்வதற்கு இரண்டு பீரங்கிகள் கொண்டுவரப்பட்ட கதை, அந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த பலருக்கும் தெரியாது. அந்த மூவரில் முதன்மையானவனின் பெயர் கிரீ மொழியில் இறைவனின் குரல் என்று பொருள்படும். ஆங்கில ஆவணங்களில் அவன் 'ஓல்மைற்றி வொய்ஸ்'. பொலிஸ் பதிவேட்டில் முதலில் மாடு திருடியவன், பிறகு கொலைகாரன்.

பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்ற வகையில், பொலிஸ் தரப்பு அறிக்கையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. அறிக்கை எந்தத் திகதியில் தொடங்குகிறது என்பதை முதலில் பார்ப்பேன். இவனது வழக்கில் அறிக்கை 1895 ஒக்டோபரில் தொடங்குகிறது. உண்மைக் கதையோ இருபது ஆண்டுகள் முந்தியது.

1876இல் பிரித்தானிய முடியாட்சிக்கும் கிரீ மக்களின் தலைவர்களுக்கும் இடையில் ஆறாம் இலக்க உடன்படிக்கை கைச்சாத்தானது. கையொப்பமிட்ட தலைவர்களுள் ஒருவர் 'வன் அரோ', அதாவது ஒற்றை அம்பு. எமது கதாநாயகனின் பாட்டனார் அவர். பரந்த நிலத்தை விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக அவரது மக்களுக்குக் கிடைத்தவை ஓர் ஒதுக்கீட்டு நிலம், தலைக்கு ஆண்டொன்றுக்கு ஐந்து டொலர், விவசாயக் கருவிகள், பஞ்சம் வந்தால் உதவி என்ற வாக்குறுதி. பஞ்சம் விரைவிலேயே வந்தது. அவர்களது வாழ்வின் ஆதாரமாயிருந்த காட்டெருமைக் கூட்டங்கள் சில ஆண்டுகளில் ஏறத்தாழ அற்றுப்போயின. உணவுப் பங்கீட்டை அரசாங்கம் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

1885இல் லூயி றியலின் தலைமையில் மெற்றிஸ் மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, இறுதிச் சமர் நடந்த பட்டோஷ் கிராமம் ஒற்றை அம்பின் நிலத்துக்கு அருகிலேயே இருந்தது. முதியவர் இராசத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டு நீதிமன்றில் நிறுத்தப்பட்டார். குற்றப்பத்திரிகையைக் கிரீ மொழியில் பெயர்த்த மொழிபெயர்ப்பாளர், அவர் மகாராணியின் தொப்பியைத் தட்டிவிட்டு வாளால் அவரது பின்புறத்தில் குத்தினார் என்ற பொருள்படச் சொல்லிவிட்டாராம். குடித்திருக்கிறாயா என்று கிழவர் திருப்பிக் கேட்டதாக ஒரு கதை உண்டு. சிரிப்பு வருகிறது, ஆனால் தீர்ப்பு மூன்றாண்டுச் சிறை. வினிப்பெக் நகருக்கு அருகில் உள்ள ஸ்ரோனி மவுண்டன் சிறைக்கூடத்தில் உடல் நலிந்து, 1886இல் விடுவிக்கப்பட்ட சில நாட்களில் சென் பொனிபேஸில் இறந்தார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். பேரனுக்கு அப்போது ஏறத்தாழப் பத்து வயது.

இனி மாட்டுக்கு வருவோம். 1895இல் அவன் ஒரு மாட்டைக் கொன்றான். அது யாருடைய மாடு என்பதில் கதைகள் பலவாறாகப் பிரிகின்றன. குடியேற்றவாசி ஒருவருடையது என்கிறது ஒன்று, அரசாங்கத்துடையது என்கிறது மற்றொன்று. அவனது சொந்த மாடே என்பாரும் உளர். ஒதுக்கீட்டு நிலத்தில் அரசு வழங்கிய கால்நடையை அதிகாரியின் அனுமதியின்றி அறுத்து உண்பது குற்றமாகக் கருதப்பட்ட காலம் அது. அந்த நிலத்தை விட்டு வெளியே செல்வதற்கும் அதிகாரியின் கையொப்பமிட்ட அனுமதிச் சீட்டு வேண்டும். அந்தச் சீட்டு முறைக்கு எந்தச் சட்டத்தின் ஆதரவும் இருக்கவில்லை என்பதை இங்கு குறித்துவைக்க விரும்புகிறேன்.

ஒக்டோபர் 22ஆம் திகதி, டக் லேக்கில் உடன்படிக்கைப் பணம் வழங்கப்பட்ட வேளையில் அவன் கைதானான். அன்றிரவே தப்பினான். காவலாளி ஒருவன் வேடிக்கைக்காக, மாட்டைக் கொன்றதற்கு உன்னைத் தூக்கில் போடுவார்கள் என்று சொன்னதாகவும், அதை நம்பியே இளைஞன் ஓடினான் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. இதை ஐயுறும் ஆய்வாளர்கள் உளர். நடந்ததோ இல்லையோ, அந்த மக்கள் அதை நம்பத் தயாராயிருந்தார்கள் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. பத்தே ஆண்டுகளுக்கு முன்னர், 1885 நவம்பர் 16இல் றியல் தூக்கிலிடப்பட்டார். அதே மாதம் 27ஆம் திகதி பற்றில்போர்ட்டில் பூர்வகுடியினர் எண்மர் ஒரே மேடையில் தூக்கிலிடப்பட்டனர். அந்த நினைவோடு வளர்ந்த ஒருவனுக்குத் தூக்குக் கயிறு வேடிக்கைப் பொருளல்ல.

ஒரு வாரம் கழிந்தது. வடமேற்குக் குதிரைப் பொலிஸ் படையின் சார்ஜன்ட் கொலின் கோல்புறூக், மெற்றிஸ் வழிகாட்டி ஒருவருடன் அவனைத் தேடிப் பிடித்தார். இளைஞனுடன் அவனது இளம் மனைவியும் இருந்தாள். நெருங்க வேண்டாம் என்று அவன் பலமுறை எச்சரித்தான். சார்ஜன்ட் நிற்கவில்லை. ஒரே வேட்டில் விழுந்தார். கடமையைச் செய்யச் சென்ற மனிதர் அவர், அவரது மரணத்தை நியாயப்படுத்த நான் முற்படவில்லை. ஆனால் மாட்டுத் திருட்டு அந்த நொடியோடு கொலை வழக்காக மாறியது.

1896 ஏப்ரலில் 500 டொலர் பரிசு அறிவிக்கப்பட்டது. அந்த அறிவித்தலில் உள்ள அங்க அடையாளங்கள் வியப்பூட்டுபவை. உயரம் ஐந்தடி பத்தங்குலம், சிறிய கைகால்கள், தோள்வரை அலையலையான கருங்கூந்தல், இடது கன்னத்தில் தழும்பு, பெண்மை சாயலான தோற்றம். இத்தனை துல்லியமாக வருணிக்கப்பட்டவன் பத்தொன்பது மாதங்கள் அகப்படவில்லை. 500 டொலர் அந்த மக்களுக்குக் கற்பனைக்கு எட்டாத தொகை. இருந்தும் அவனது உறவுகளில் எவரும் அதைக் கேட்டுப் போகவில்லை.

1897 மே இறுதியில் மினிச்சினாஸ் குன்றுகளில் அவனும் உறவினர் இருவரும் ஒரு பொப்ளர் மரத்தோப்பில் வளைக்கப்பட்டனர். முதலில் இன்ஸ்பெக்டர் அலனும் சார்ஜன்ட் ஒருவரும் காயமுற்றனர். பின்னர் தோப்புக்குள் பாய்ந்தவர்களில் கோப்ரல் ஹொக்கின், கொன்ஸ்தாபிள் கெர், டக் லேக் தபாலதிபர் கிறண்டி ஆகிய மூவர் உயிரிழந்தனர். மூன்று பேரைப் பிடிக்க ஏறத்தாழ நூறு பேர் திரண்டனர். பிறின்ஸ் அல்பேர்ட்டிலிருந்து ஒரு பீரங்கி வந்தது. றெஜைனாவிலிருந்து இன்னொன்று வந்தது. விக்டோரியா மகாராணியின் வைரவிழா ஆண்டு அது. அதே பொலிஸ் படையின் பிரிவொன்று இலண்டனில் நடந்த விழா ஊர்வலத்தில் மிடுக்காகக் கலந்துகொண்ட ஆண்டும் அதுவே.

அருகிலிருந்த மேட்டில் அவனது தாய் 'ஸ்பொற்றட் காவ்' நின்றிருந்தாள். மகனின் வீரத்தைப் போற்றி, அவனது மரணத்துக்கான பாடலை அவள் உரத்துப் பாடினாள் என்பது கிரீ மக்கள் இன்றும் மறவாத செய்தி. எங்கள் ஒப்பாரியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சியை நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் அவளது மகன் அப்போது உயிரோடிருந்தான் என்பதை மட்டும் நினைவிற் கொள்ள வேண்டும்.

மே 30 காலை பீரங்கிகள் ஓய்ந்தபின் படையினர் உள்ளே நுழைந்தனர். தோப்பினுள் மூவரின் உடல்களும் கிடந்தன.

1974இல் இக்கதையைத் தழுவி 'ஏலியன் தண்டர்' என்ற திரைப்படம் வெளியானது. டொனால்ட் சதர்லண்ட் பொலிஸ்காரராக நடித்தார். சஸ்கச்சுவானின் கிரீ நடிகரான கோர்டன் ரூற்றூசிஸ் தலைமறைவானவனாகத் திரையில் முதன்முதலாகத் தோன்றினார். 1885இல் தண்டிக்கப்பட்ட மற்றொரு கிரீத் தலைவரான பவுண்ட்மேக்கர் குற்றமற்றவர் என்று 2019 மே மாதம் பிரதமர் ஜஸ்ரின் ட்றூடோ நேரில் சென்று அறிவித்தார்.

பாட்டனார் ஒற்றை அம்பின் எலும்புகள் 2007இல் சென் பொனிபேஸிலிருந்து தோண்டியெடுக்கப்பட்டு, அவரது பெயரைத் தாங்கிய நிலத்துக்கே எடுத்துச் செல்லப்பட்டன. அவர் ஊர் திரும்ப 121 ஆண்டுகள் பிடித்தன.