மரக் கணக்கும் கரிமக் கணக்கும்: இந்தியக் காடுகளின் அளவீட்டு வரலாறு

முன்னுரை

காடுகள் சேமித்து வைத்துள்ள கரிமத்தின் அளவைக் கணக்கிட்டு அறிவிப்பது, 1992ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் காலநிலை மாற்ற உடன்படிக்கைக்குப் பின்னர் அரசுகளின் கடமையாயிற்று. எனினும், அக்கணக்கிற்குப் பயன்படும் அளவீட்டு மரபு அதனினும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் பழைமையானது. இந்தியாவில் மரத்தை விலைபொருளாகக் கருதி அளந்த முறையே கரிமக் கணக்கிற்கு அடித்தளமாயிற்று என்பதையும், அதனால் விடுபட்டவை எவை என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

மரக் கணக்கு

1856இல் பர்மாவின் பெகு தேக்குக் காடுகளுக்குப் பொறுப்பேற்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் டீட்ரிக் பிராண்டிஸ், யானைமீது காட்டைக் கடந்து, வழியில் கண்ட தேக்கு மரங்களைச் சுற்றளவு வாரியாக மூங்கில் துண்டுகளில் வெட்டுக்குறி இட்டு எண்ணினார். ஆறடிக்கு மேற்பட்ட சுற்றளவுடைய மரங்கள் முதல் வகுப்பில் அடங்கின. இருப்புக் குறையாமல் ஆண்டுதோறும் எத்தனை மரங்களை வெட்டலாம் என்பதை அறிவதே அக்கணக்கின் நோக்கம். 1864இல் அவர் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைமை ஆய்வாளரானார். விடுதலைக்குப் பின்னரும் இந்நோக்கம் தொடர்ந்தது. 1965இல் தொடங்கிய காட்டுவள முன்முதலீட்டுக் கணக்கெடுப்பு, மரத் தொழிற்சாலைகளுக்கான மூலப்பொருளை மதிப்பிடுவதற்கே மேற்கொள்ளப்பட்டது. அவ்வமைப்பே 1981இல் இந்திய வன அளவை நிறுவனமாக மாற்றம் பெற்றது.

கரிமக் கணக்கு

நிலத்திலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் மரத்தின் விட்டம் அளக்கப்படுகிறது. அதிலிருந்து கன அளவும், மர அடர்த்தியைக் கொண்டு உலர் எடையும் பெறப்படுகின்றன. உலர் எடையில் ஏறத்தாழப் பாதி கரிமமாகும். இவற்றுள் முதல் இரு அளவுகளும் மர வணிகக் கணக்கிலிருந்து வந்தவை. எனவே, 10 செ.மீ.க்குக் குறைந்த விட்டமுடைய மரங்கள், கிளைகள், இலைகள், புதர்கள் ஆகியன பழைய கணக்கில் இடம்பெறவில்லை. காலநிலை மாற்றத்திற்கான பன்னாட்டு அரசுகளுக்கிடையிலான குழுவின் 2006ஆம் ஆண்டு நெறிமுறைகளோ நிலமேல் உயிர்த்திரள், நிலக்கீழ் உயிர்த்திரள், பட்ட மரம், சருகு, மண் என ஐந்து கரிமத் தொகுதிகளைக் குறிப்பிடுகின்றன. விடுபட்டவற்றை மதிப்பிட இந்திய வன அளவை நிறுவனம் 2008இல் தனிக் களஆய்வு தொடங்க நேர்ந்தது.

முடிவுரை

2019ஆம் ஆண்டு வனநிலை அறிக்கையின்படி, இந்தியக் காடுகளின் மொத்தக் கரிமம் 7,124.6 மில்லியன் டன். அதில் 4,004 மில்லியன் டன், அதாவது 56 விழுக்காடு, மண்ணில் உள்ளது. மர வணிகக் கணக்கு ஒருபோதும் அளக்காத மண்ணே பெரும் சேமிப்பாக விளங்குகிறது. ஆதலால், வெவ்வேறு காலத்து மதிப்பீடுகளை ஒப்பிடுவோர், கண்ட உயர்வு காட்டின் வளர்ச்சியா, கணக்கின் விரிவா என்பதைப் பிரித்தறிதல் இன்றியமையாதது.